சாப்பாட்டுக்கு முன்

“சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம் எண்டுதானே எழுதிக் கிடக்கு. சாப்பாடே இல்லாத நாளிலை என்னப்பா முன்னமும் பின்னமும்?”

தியாகேசன் மருந்துப் பக்கற்றை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினார். கோட்டில் வாதாடுகிற அப்புக்காத்துமாரும் அவரிடம் தோற்றுப்போயிருப்பார்கள்.

சௌந்தரநாயகி ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறு கையில் குளிசையுமாகப் புருசனின் கதிரைக்கு முன்னால் நின்றாள்.

அன்று இறுப்பிட்டியில் அவர்களுடைய நாச்சிமார் கோயிலில் வருடாந்தப் படையலான மடை. பூசாரி அவர்தான். மடையோடு சேர்த்து மூன்று நாளும் இளநீரைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் படாது. தகப்பன் காலத்து ஒழுங்கு அது.

இந்த முறை சோற்றோடு குளிசையும் நின்றுபோயிருந்தது.

முதல் நாள் அவள் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் அவருடைய வலக்கை பழையபடி ஆடத் தொடங்கியது. இன்று காலை கிணற்றடியிலிருந்து வந்தவர் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. அவரைக் கட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு என்று எண்ணிச் சொல்லி, கதிரையில் கொண்டுவந்து இருத்துவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் மிஸ்ஸி நிலக்சனாவுக்கு உடனே போன் எடுத்தாள்.

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு, டொக்டரிடமும் விசாரித்து, பத்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். சாப்பாட்டுக்கு முன் என்றால் வெறுவயிற்றில் என்றுதான் அர்த்தமாம். விரதமோ திருவிழாவோ, நேரத்துக்குக் குடித்தே ஆக வேண்டுமாம். இந்தக் குளிசையைக் கேட்காமல் கொள்ளாமல் திடீரென்று நிற்பாட்டினால் உடம்பு விறைத்துக் காய்ச்சல் அடிக்கும், புத்திகூடத் தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றாள். விட்டுப்போனதற்கும் சேர்த்து இரண்டு மூன்றாகக் கொடுத்துவிட வேண்டாம், வழமையான ஒன்றை இப்போதே கொடுத்து, நாளைக் காலை ஆளைக் கூட்டிவரச் சொன்னாள். இடையில் காய்ச்சல் கண்டால் நாளைவரை பார்த்திருக்கவே கூடாதாம்.

வெறுவயிறு! விரதகாரனுக்கு இதைவிடத் தோதான மருந்து எங்கே கிடைக்கும்? சௌந்தரநாயகிக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. மிஸ்ஸி சொன்னதை ஒன்றும் விடாமல் அவரிடம் ஒப்புவித்தாள்.

தியாகேசன் பக்கற்றை மடியில் வைத்தார். வாதம் அத்தோடு முடிந்தது. ஆனால் குளிசைக்கு வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனிதர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது சும்மா ஒரு சாட்டுக்குத்தான்.

நாலு வருடமாக மடையன்று அவருக்கு அருள் ஏறிக் கலை வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வேப்பிலை பிடித்த கை நடுங்கத் தொடங்கியதும், நாச்சிமார் இறங்கிவிட்டா என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த நடுக்கத்தோடு அவர் சொல்லும் வாக்கைக் கேட்கக் கனடாவிலிருந்துகூட வந்து வரிசையில் நின்றார்கள். தியாகேசன் யாரையும் ஏமாற்றவில்லை. கை தன்பாட்டில் ஆடியபோது அது அம்மாள்தான் என்று அவரும் முழு மனதோடு நம்பினார்.

இந்த வருடம் தை மாதம்தான் டொக்டர் அந்த நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார்.

குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் கை அடங்கியது. ஒரு நாள் அவர் தன் சேட்டுப் பொத்தானைத் தானே பூட்டிக்கொண்டு வந்து நின்றார். சௌந்தரநாயகி குசினிக்குள் ஓடிப்போய்ச் சந்தோசத்தில் அழுதாள்.

கோயிலில் லவுட்ஸ்பீக்கர் பாடத் தொடங்கிவிட்டது.

“குளிசையைப் போட்டால் கை ஆடாது,” என்றார் தியாகேசன். “கை ஆடாட்டி என்ரை வாக்கை ஆர் நம்பப்போகினம்?”

“நம்பாட்டிப் போகட்டும். எனக்கு நீங்கள் வேணும்.”

“ஊரை விடும். ஊருக்காகவே நான் இந்தப் பாடு படுறன்?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

நாலு வருடமும் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றது அவள்தான். வீட்டில் தான் சோறு போட்டுக் கொடுக்கிற மனிசனுக்கு முன்னால், அங்கே சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு, யாரோ ஒருத்திபோலக் கைகூப்பி நிற்பாள். அவுஸ்திரேலியாவுக்குப் படகேறிப் பன்னிரண்டு வருடமாகிறது, ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை, என் பிள்ளை பார்த்தீபன் உயிரோடு இருக்கிறானா தாயே என்று கேட்பாள். நடுங்குகிற கை அவள் நெற்றியில் திருநீற்றை அப்பும். இருக்கிறான் என்று வாக்கு வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த மடைவரை அவள் உண்பாள், உறங்குவாள்.

சௌந்தரநாயகி அவருடைய நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்திக் குளிசையை நாக்கில் வைத்தாள்.

“இந்த முறை நான் வரிசையிலை வந்து கேக்க மாட்டன்,” என்றாள். “விழுங்குங்கோ.”