நான்காம் எண் மிக்ஸ்

ஜவஹர் பிரித்துப் படித்த ஐந்தாவது சீட்டிலும் அதே புகார்தான். நான்காம் எண் மிக்ஸில் ஏதோ கீச்சென்று கேட்கிறதாம்.

நான்காம் எண் என்னுடையது. ஆனால் நான் அதைச் சொல்லக் கூடாது. எல்லா எண்களின் சீட்டுகளையும் படித்து முடிக்கும்வரை செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, தி.நகரில் ஜவஹர் வீட்டு மாடியில் கூடுவோம். குரல், டிரம், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிவான ஒரே பாட்டை ஆளாளுக்கு வீட்டில் கலந்து கொண்டுவருவோம். பெயர் சொல்லாமல், எண் மட்டும் சொல்லிப் போட்டுக் காட்ட வேண்டும். கேட்டவர்கள் துண்டுச் சீட்டில் குறை எழுதுவார்கள். இப்படித்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறோமாம்.

இவர்களிடம் நான் என்ன கற்றுக்கொள்வது?

ஜவஹர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஜன்னலில் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்திவைத்துவிட்டு இந்த மாடியை ஸ்டுடியோ என்கிறார். கதிரேசன் வாடகைக் கார் ஓட்டுகிறவன். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மிக்ஸ் செய்வான். அவன் மிக்ஸில் டிரம் நம் நெஞ்சில் ஏறி மிதிக்கும், பாடுகிறவர் பக்கத்துத் தெருவில் நின்று பாடுவார். இன்னும் இருவர் அண்ணன் தம்பி. அண்ணன் எழுதுவதை எட்டிப் பார்த்துத் தம்பி எழுதுவான்.

எல்லார் மிக்ஸும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடியதுபோல்தான் இருக்கும். நானும் மாதாமாதம் எழுதிக் கொடுக்கிறேன், மெல்லிய ஒலிகள் எடுபடவில்லை, ட்ரெபிளை ஏற்றுங்கள், ட்ரெபிளை ஏற்றுங்கள் என்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கோபாலபுரத்தில் என் வீட்டில் இதற்கென்றே தனி அறை இருக்கிறது. ஜெர்மன் ஹெட்போன் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்து பழகிய காது இது.

வழக்கமாக இவர்கள் சீட்டுகளைப் படிக்கும்போது நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று முடியவில்லை. இந்த மாதப் பாட்டைப் பாடியவள் இஃப்ரா, எங்கள் குழுவில் சிறியவள், கொட்டிவாக்கத்திலிருந்து வரும் கல்லூரிப் பெண். எந்த மிக்ஸ் அவளுக்குப் பிடிக்கிறதோ அதை வெள்ளிக்கிழமை வெளியிடப்போகிறாள், செய்தவர் பெயரோடு. முப்பத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் காகிதங்களில் மட்டும் கையெழுத்தாக இருந்த என் பெயர் முதல்முறையாக ஒரு பாட்டின் கீழே வரும். நங்கநல்லூரில் இருக்கும் தங்கைவரை சொல்லிவைத்துவிட்டேன். இந்தக் கூட்டத்தில் வேறு யார் செய்ததை அவள் எடுத்துவிட முடியும்?

அதனால் விதியைத் தூக்கி எறிந்தேன். நான்காம் எண் என்னுடையதுதான் என்றேன். முதல் சீட்டில் ஒருவர் கீச்சு என்று எழுதினால் ஐந்து சீட்டிலும் கீச்சு வந்துவிடுகிறது, ஊரோடு ஒத்து வாழ்கிற காதுகள் என்றேன்.

கதிரேசன் தலையைச் சொறிந்தான்.

"மெய்யாலுமே கீச்சுனு கீது சார். காது கூசுது."

நாளெல்லாம் ஹாரன் கேட்கிற காதுக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

இஃப்ராதான் தயங்கித் தயங்கிப் பேசினாள். தப்பு அவளுடையதாம். பாடும்போது மைக்குக்குப் பக்கத்தில் போன் சார்ஜர் செருகியிருந்ததாம். அதன் கீச்சொலி குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டதாம். மற்றவர்கள் முதல் வேலையாக அதை எடுத்துவிட்டார்களாம். நான்காம் எண்ணில் மட்டும் அது அப்படியே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறியும் இருக்கிறதாம்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, காட்டு பார்க்கலாம் என்றேன்.

அவள் என் மிக்ஸை லேப்டாப்பில் திறந்தாள். டிரம்மை அடைத்தாள், கீபோர்டை அடைத்தாள். தன் குரலையும் வடிகட்டிவிட்டு அந்தக் கீச்சை மட்டும் தனியாக விட்டாள். ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டினாள்.

அவள் பட்டனைத் தட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

கதிரேசன் காதில் விரலை விட்டுக்கொண்டான். அண்ணனும் தம்பியும் முகத்தைச் சுளித்தார்கள். ஜவஹர் சீட்டுகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்தினார்.

லேப்டாப் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி நின்றிருந்தது.

எனக்கு ஃபேன் சத்தம் கேட்டது. மெத்தையையும் தாண்டி, கீழே தெருவில் ஒரு ஆட்டோ போவது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இது இந்த ஒரு பாட்டோடு போகிற விஷயம் இல்லை. இவர்களுக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் முதல் என் சீட்டை யார் படிப்பார்கள்? கதிரேசன் படிப்பானா?

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மற்ற எல்லாரையும்விட அதிகமாக முகத்தைச் சுளித்தேன். சபாவில் அபஸ்வரம் கேட்ட ரசிகரைப்போல உச்சுக் கொட்டித் தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை உயர்த்தினேன்.

"போதும்மா, நிறுத்து."

கண்ணைத் திறந்தேன்.

ஜவஹர் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிவிட்டிருந்தார். கதிரேசனின் கைகள் மடியில் இருந்தன. இஃப்ரா என்னைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தி ரொம்ப நேரமாச்சு, அங்கிள்."