ரேடியோ ஓய்ந்த நேரம்

"இன்னும் ஒரு டம்ளர். குடி, குடி! வயிறு முட்டத் தண்ணி இருந்தாத்தான் ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுமாம். சுவத்துல கொட்டை எழுத்துல எழுதியிருக்காங்க. கீழே ஒரு மீன்தொட்டி. அதுல சிவப்பு மீன் ஒண்ணு, அதோட இடத்துல நான் வந்து உட்கார்ந்துட்ட மாதிரி என்னையே முறைக்குது."

அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள். அவள் கணவனுக்கு அலுவலகத்தில் 'ரேடியோ' என்றே பெயர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. எதிரே இருப்பவர்கள்தான் பாவம். கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு மட்டும் அது ஒருநாளும் அலுத்ததில்லை.

"வாசல்ல ஒரு பெரியவர் செருப்பைத் தேடறார். நாற்காலிக்கு அடியில எல்லாம் குனிஞ்சு பார்க்கறார். கால்லதான் போட்டிருக்கார், அது அவருக்குத் தெரியலை!"

பக்கத்து நாற்காலிப் பெண்மணியும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் மூச்சே விடமாட்டாரா?"

"தூங்கறப்போ விடுவார். அதுவும் குறட்டையாத்தான்."

வாய்தான் கேலி பேசியது. அடிவயிற்றில் தண்ணீரோடு பயமும் முட்டிக்கொண்டு நின்றது. போன வருஷம் இதே மாதிரி ஒரு ஸ்கேன் அறையில்தான் ரேடியோ முதன்முதலாக வாயடைத்துப் போனான். டாக்டர் சொல்வதற்கு முன்பே, அந்த மௌனத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கருவுக்குத் துடிப்பு இல்லை என்று. இன்னொரு தடவை அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"இதோ பாருங்க, உள்ளே வந்து வாயை மூடினீங்க, அவ்வளவுதான்! வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்."

"நானா? வாயை மூடறதா? எனக்கு அந்த வேலையெல்லாம் வராதும்மா."

உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலில் படுத்ததும் வயிற்றில் ஜில்லென்று ஜெல் விழுந்தது.

"டாக்டர், துடிப்புச் சத்தம் கேட்குமா?"

"ஏழு வாரம்தானேம்மா ஆகுது. இவ்வளவு சீக்கிரத்துல சத்தம் வைக்க மாட்டோம். திரையில துடிக்கிறது தெரியும், அவ்வளவுதான்."

அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கணவனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோ ஆரம்பித்தான். "திரை பூரா சாம்பல் நிறம். ஒண்ணுமே புரியலை. இரு, இரு... நடுவுல கறுப்பா ஒரு பை, அவரைக்கொட்டை மாதிரி. பைக்குள்ளே குட்டியா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. அதுக்குள்ளே..."

நின்றுவிட்டான்.

"அதுக்குள்ளே? என்னங்க?"

அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பேசுங்களேன்! உங்களைத்தான்!"

"அசையாதீங்கம்மா, அளவு எடுக்கறேன்" என்றார் டாக்டர். பொத்தான்களைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, இதுவும் போச்சு என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினாள்.

அப்போது அவன் அவளுடைய கையை மெல்ல விரித்தான். அதில் சூடாக ஒரு சொட்டுக் கண்ணீர் விழுந்தது. பிறகு ஒற்றை விரலால் உள்ளங்கையில் தட்டத் தொடங்கினான். டக்டக்டக்டக் என்று, ஏதோ அவசரமாக எங்கோ ஓடுகிற மாதிரி, நிற்கவே நிற்காமல்.

"திரையைப் பார்த்து அப்படியே தட்டறார்மா" என்றார் டாக்டர். "நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது. துடிப்பு ஜோரா இருக்கு."

மூன்று வருஷமாகக் கணவனின் வாய்வழியாகவே உலகத்தைப் பார்த்துவந்த அவள், பிறவியிலேயே பார்வையில்லாத அவள், அவன் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்த அந்த நிமிஷத்தில் தன் பிள்ளையைப் பார்த்தாள்.