ஒட்டுறவு

வினோதினி தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீட்டின் கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வீட்டு வாசலில் படுத்திருந்த பெரியவரை இரண்டு பேர் கட்டிலோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

குன்னத்துக்குத் தெற்கே, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒற்றைத் தெரு. உளவியல் ஆய்வுக்காகப் போன மாதம் அவள் இங்கே வந்தாள். முதியோரின் தனிமைக்கும் தூக்கமின்மைக்கும் உள்ள ஒட்டுறவு என்பது தலைப்பு. கிராமச் செவிலியர் காட்டிய வீடுகளுக்கு மட்டும் போய்க் கேள்வி கேட்டாள். அவர் காட்டியது, எழுந்து நடமாட முடியாதவர்கள் கிடந்த வீடுகளை.

அவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு வந்திருக்கிறாள். தெருமுனை டீக்கடையில் அவள் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார்.

"தூக்கம் வருதான்னுதான் கேக்குது. ஒரேயடியாத் தூங்கிடறாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

மூன்று சாவுக்கும் இந்த ஊர் வேறு காரணம் தேடவில்லை.

இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதுதான் ஒட்டுறவு; அதனால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. வகுப்பில் முதலில் சொல்லித் தந்தது அதுதான். செவிலியர் அவளுக்குக் காட்டியதே நோய் முற்றியவர்களைத்தான். அவள் வந்ததால் யாரும் சாகவில்லை.

அதை எந்தக் கதவைத் தட்டிச் சொல்வது?

திரும்பிவிட நினைத்தபோது கடைசி வீட்டுக் கதவு திறந்தது.

"வாங்க மேடம். எங்க வூட்டுக்கு மட்டும் வரவே இல்லியே நீங்க."

ஜெயசித்ரா என்று பெயர் சொன்னாள். முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாமியாருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை என்றாள்.

"ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போங்க. போதும்."

வினோதினிக்கு ஆறுதலாக இருந்தது. படியேறினாள்.

கொல்லைப்புறமிருந்து மாமியார் வந்தார். தலையில் சோளத்தட்டைக் கட்டு. ஒரு கையால் பிடித்து இறக்கிப் போட்டார். மூச்சு வாங்கவில்லை.

"எனக்கென்னடி கொறச்சல்? படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேன்."

ஜெயசித்ரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வினோதினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் தள்ளினாள்.

வினோதினி உட்காரவில்லை. பையைத் திறக்கவில்லை. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பரவால்லங்க மேடம்."

ஜெயசித்ரா தெருவரைக்கும் கூடவே வந்தாள். எதிர்வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"சத்யாக்கா, மேடம் எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போறாங்க. பாத்தீங்கல்ல?"

சாத்திய சன்னலுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"பாத்தேன்."