பட்டியலில் இல்லாத தனிமம்

சிறுநீரகக் கல்லின் படிக அமைப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் சொல்வதுதான் நோய். டாக்டர்களும் அதற்குமேல் வாய் திறப்பதில்லை. பேட்டரி உருக்கும் ஆலையின் ஆய்வகத்தில், தொழிலாளர்களின் கற்களுக்கு அதற்கான உள்ளீட்டுக் கோப்பைத் தயாரிப்பவள் பொற்கொடி. கல்லில் என்னென்ன தனிமங்கள் இருக்கலாம் என்று அவள் எழுத வேண்டும். எழுதாததை மென்பொருள் தேடாது. ஆலை கொடுத்த பட்டியலில் ஈயம் கிடையாது.

இன்று வந்த கல் அவள் கணவனுடையது. அதே ஆலையில் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுப்பவன். பொற்கொடி பட்டியலில் ஈயத்தைச் சேர்த்தாள்.

"உன் வேலைக்கு நீயே உலை வைக்கிறியேம்மா," என்றார் மேலாளர் எட்வின்.

"வைக்கிறேன் சார்."

திரையில், கல்லின் படிகத்தில் கால்சியம் இருக்க வேண்டிய இடங்களில் ஈயம் வந்து உட்கார்ந்தது.

"சரி, பார்த்தாச்சுல்ல. கிளம்பு."

"இன்னும் இருக்கு சார்."

ஒன்பது வருடங்களாகத் தன் கையாலேயே ஈயமில்லாமல் அனுப்பிய கோப்புகளில் முதலாவதைத் திறந்தாள். கல்லுக்குரியவர் செத்து ஐந்து வருடமாகிறது. அதிலும் ஈயம் என்று எழுதினாள்.