தொப்பிக்கு அடியில்

"போனைத் தொப்பிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கார். என் கண்ணாலயே பார்த்தேன்," என்றாள் லோர்னா.

நூலகத்தின் பின்னறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெர்னாடெட் திரும்பினாள். எழுத்தாளர் வட்டத்தை நடத்துகிறவள் அவள்தான்.

"யாரு, ஹெக்டரா? பாவம். படகை வித்துட்டுப் பொழுது போகாம வர்றாரு."

"இத்தனை மாசத்துல ஒரு வரி எழுதிப் படிச்சிருக்காரா? மத்தவங்க படிக்கும்போது போன் பையில இருக்கு. நான் படிக்கும்போது மட்டும் மேசைக்கு வருது. பதிவு பண்றார்."

"உன்மேல ஆசையோ என்னவோ!"

"சிரிக்காதே. நாவலை முடிச்சு அனுப்புங்கன்னு ஹாலிஃபாக்ஸ் பதிப்பகத்துல கேட்டிருக்காங்க. அதுக்குள்ள இவர் தன் பேர்ல எங்கயாவது போட்டுட்டா, நான் இத்தனை வருஷம் உழைச்சது போச்சு."

"சிங்கி இறால் பிடிச்ச மனுஷன். கூண்டை இறக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கத்தான் தெரியும்."

"அதான் பயமா இருக்கு. கூண்டுக்குள்ள இருக்கிறது நானாச்சே!"

அன்று லோர்னா புது அத்தியாயம் படித்தாள். நாவலின் தொடக்கத்தில், ஒரு விருந்தில் பிடில் வாசித்துக்கொண்டிருக்கிறாள் ஒரு தாய். அதே நேரத்தில் அவள் மகன் கடலில் மூழ்கிப்போகிறான். மெட்டு பாதியில் நிற்கிறது. அதற்குப் பிறகு அவள் வில்லைத் தொடவில்லை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் அந்த மெட்டு அவளிடம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. கோப்பையைத் தட்டும் விரலில், பாத்திரம் கழுவும்போது வரும் முணுமுணுப்பில்.

மெட்டும் லோர்னாவின் கற்பனைதான். மூன்று சுரம் படியேறும். நான்காவதில் மூச்சு வாங்கி நிற்கும். வார்த்தையில்தான் இருந்தது; உலகத்தில் யாரும் அதைக் காதால் கேட்டதில்லை.

"அழுதாள்னு ஒரு இடத்துலகூட எழுதல. ஆனா மெட்டு நிக்கிற இடத்துல நான் தேநீரைக் குடிக்கவே மறந்துட்டேன்," என்றாள் பெர்னாடெட்.

ஹெக்டர் கனைத்தார்.

"நாலாவதுல நிக்குதே... அதுக்கப்புறம் மேல போகுமா, கீழ இறங்குமா?"

லோர்னாவுக்குச் சுரீர் என்றது. மிச்சத்தையும் கறக்கப் பார்க்கிறாரே! ஆனால் வாயைத் திறக்க முடியாது. மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் பேசக்கூடாது என்பது வட்டத்தின் சட்டம். 'இது நிஜமாக நடந்ததா?' என்று யாரும் கேட்கக் கூடாது என்பது இன்னொன்று.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்," என்று ஹெக்டர் தொப்பியையும் போனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு கிளம்பினார்.

லோர்னாவும் கிளம்பினாள். அவருடைய வண்டியைப் பின்தொடர்ந்து கடலோரச் சாலையில் போனாள். வளைவில் காரை நிறுத்தி, என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு பனியில் நடந்து அவர் வீட்டுச் சமையலறைக் கதவருகே வந்தாள்.

உள்ளே யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய அத்தியாயம். அவளுடைய குரல்!

அந்தக் கடலோர வீடுகளில் யாரும் கதவைத் தட்டிவிட்டு நுழைவதில்லை. அவளும் தட்டவில்லை. தள்ளித் திறந்தாள்.

மேசைமேல் போன். அடுப்பருகே ஒரு பெண் கண்ணை மூடி, மோவாயில் பிடிலை இடுக்கி நின்றாள். மூன்று சுரம் படியேறியது. நான்காவதில் நின்றது.

"பேஷ்! கதை பத்தாதுன்னு மெட்டையும் திருடியாச்சா?"

ஹெக்டர் பாய்ந்து வந்து அவளைக் காலணிகள் கிடந்த இடைவழிக்கு இழுத்தார்.

"கத்தாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவ பிடில் பெட்டியைத் திறந்ததே உங்க கதையக் கேட்டுத்தான்."

"யாரு அவங்க?"

"என் சம்சாரம், முரியல். எங்க பையன் படகு கவிழ்ந்து போனப்ப இவ ஒரு கல்யாண வீட்டுல வாசிச்சுக்கிட்டிருந்தா. பேப்பர்லகூட நாலு வரி வந்துச்சு."



அந்த நாலு வரியைப் படித்தது லோர்னாவுக்கு நினைவிருந்தது. கல்யாணத்தை விருந்தாக்கினாள். பையனுக்கு வேறு பெயர் வைத்தாள். எழுத எழுத, எல்லாம் தன்னுடையதே என்று நம்பிவிட்டாள்.

"எங்க வீட்டுச் சாவை ஒருத்தி கதையாப் படிக்கிறான்னு எங்க ஊர்ல சொன்னாங்க. உங்க மேல கேஸ் போடத்தான் அங்க வந்தேன். சாட்சிக்குத்தான் பதிவு பண்ணினேன். இங்க போட்டுப் பார்த்தப்ப, மாடியில இருந்தவ காதுல விழுந்திருச்சு. இறங்கி வந்து, 'இன்னொரு தடவ போடு'ன்னா. அப்புறம் ஏது கேஸு!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"நிஜமான்னு கேக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கீங்க. அதோட, விஷயம் தெரிஞ்சு நீங்க பாட்டுக்கு எழுதறத நிறுத்திட்டா? நான் இவளுக்கு எங்க போய் மிச்சத்தக் கொண்டு வர்றது?"

உள்ளே போனின் குரல் அடங்கியது. முரியல் பிடிலோடு வாசலில் வந்து நின்றாள். லோர்னாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தக் குரல் நீதானே?"

"என்னை மன்னிச்சிருங்க... உங்க கதைய நான் கேக்காம..."

முரியல் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அது கிடக்கட்டும். உக்காரு. இன்னிக்கு நீ நிறுத்தின இடத்துக்கப்புறம், நான் என்ன பண்றேன்?"