ஏரிக்கரைச் சண்டை

செனகா ஏரிக்கரையில் ஒயின் கடை திறந்த நாளிலிருந்து, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துச் சண்டைதான் கிளென்னாவின் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் வேலியருகே போனாள்.

"ஹார்லன், ஒயின் ருசி பார்க்க வர்றவங்க எல்லாம் மிரண்டு ஓடறாங்க. உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் மெதுவாத் திட்டச் சொல்லுங்களேன்!"

கிழவர் சிரித்தார். "லொரெய்ன் என்னை விட்டுட்டுப் போய் மூணு வருஷமாச்சும்மா."

"அப்ப அந்தக் குரல்?"

கொடிகளுக்கு நடுவே கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். "பழம் கனிஞ்சா குருவிக் கூட்டம் வந்து மொய்க்கும். வெடிச் சத்தத்துக்குக்கூடப் பயப்படாது. அவ என்னைத் திட்டினா மட்டும் ஒண்ணு பாக்கியில்லாம பறந்துடும். அதான் அப்பவே பதிவு பண்ணி வச்சுக்கிட்டேன்."

கிளென்னா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தபடியே திரும்பியவள் சட்டென்று நின்றாள்.

கொடிகளில் பேருக்குக்கூட ஒரு பழம் இல்லை. அறுவடை முடிந்து மூன்று வாரமாகியிருந்தது.

"சேத்துக் காலோட உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்றது, ஹார்லன்?" கம்பத்திலிருந்து லொரெய்ன் கத்தினாள்.

ஹார்லன் குனிந்து பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.