வாசலில் கிடந்த பாம்பு

"வலி வராம ஆராச்சும் ஆஸ்பத்திரியில போய்ப் படுப்பாளுகளா? நானும் நாலு பெத்தவள்தான் மிஸ்!"

பிள்ளைத்தாய்ச்சியான யசோதினியின் மாமியார் இப்படிச் சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்கு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மிட்வைஃப் டினுஷாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொப்பூழ்க்கொடியின் இரத்தக் குழாய் கருப்பையின் வாசலுக்குக் குறுக்கே கிடக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது. தண்ணீர்க்குடம் உடைந்தால் குழாயும் கிழியும். பிள்ளையின் இரத்தம்தான் ஓடும். படுவான்கரையிலிருந்து வாவி கடந்து பட்டினம் போய்ச் சேர முன்னம் எல்லாம் முடிந்துவிடும்.

இதைச் சொல்ல வாய் திறக்கவே விடவில்லை அந்த மனுசி.

யசோதினி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை பேச்சியம்மனுக்குச் சடங்கு. கண்ணகை அக்கா தெய்வமாடி வாக்குச் சொல்லுவா. அம்மாள் சொன்னாப் போறம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிள்ளையின் உயிர் இனிப் பேயாட்டத்தின் கையிலா? கிறிஸ்தவ வேதக்காரியான டினுஷாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் சடங்குக்குப் போனாள். முடிந்ததும் இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கலாமே.

உடுக்கு அதிர்ந்தது. தலைமுடியை விரித்துப்போட்டு ஆடிவந்த கண்ணகை, யசோதினிக்கு முன்னால் வந்ததும் விறைத்து நின்றாள். உடுக்கும் நின்றது. வாவிக் காற்றும் நின்றது போலிருந்தது.

மஞ்சள் பூசிய கை யசோதினியின் வயிற்றைத் தொட்டது.

"வாசல்ல குறுக்க கிடக்குதடி, சிவத்தப் பாம்பு! அந்த வழியால வந்தாப் புள்ள தங்காது. குடம் உடைய முன்னம் தண்ணியத் தாண்டு. வயித்தக் கீறி எடு!"

அது பெண்குரலாகவே இல்லை.

டினுஷாவின் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. மாமியாருக்கே தெரியாதது இவளுக்கு எப்படி?

மாமியார் நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். அன்றைக்கே மருமகளைத் தோணியில் ஏற்றினாள்.

பிள்ளை நல்ல சுகமாகப் பிறந்தது. டினுஷா நேரே கண்ணகையிடம் போனாள். அவள் முற்றத்தில் குந்தியிருந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு நித்திரையே வருகுதில்ல. குறுக்க கிடக்கிறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

கண்ணகை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சடங்குக்கு முதல் நாள் அந்தப் புள்ள வந்து என்ட காலைப் புடிச்சிட்டாள் மிஸ். 'வாசல்ல ரத்தக் குழாய் குறுக்க கிடக்குதெண்டு ஸ்கேன் எடுத்த டொக்டர் எனக்குச் சொன்னவர். வயிறு என்டதான். ஆனா என்ட வாயால சொன்னா வீட்ட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீங்க அம்மாளா நிண்டு சொல்லுங்க' எண்டு அழுதாள்."